புல்வெட்டி வண்டியின் ஸ்பிரிங்

கழற்றும்போது மேதாவியாகவும் திரும்ப மாட்டும்போது முழு மடையனாகவும் இருப்பதுதான் ஃபிட்டர் பிழைப்பு. ஸ்பானர் பிடித்த கைகளே, உங்களுக்குத் தெரியாததா?

வண்டி வந்தது

1991-இல் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். ஆபீஸ் முன்னால் இருந்த புல்தரைக்கு, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டியை வெளிநாட்டிலிருந்து இறக்கினார்கள். அதுவரை அரிவாளால் அறுத்தவர்கள் சேரப்பணஞ்சேரிப் பெண்கள் நாலு பேர். வண்டி ஒரு வாரம் ஒழுங்காக ஓடினால் அவர்களை நிறுத்திவிடப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த நால்வரில் ஒருவரான கன்னியம்மாக்கா வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அறுக்கிறது சரி, கட்டு கட்டுமா இது?"

ஸ்பிரிங் பறந்தது

மூன்றாம் நாளே பிளேடைச் சுழற்றுகிற பெல்ட் கழன்றுகொண்டது. அதை இறுக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் உண்டு. கட்டைவிரல் தடிமன், பிடிவாதத்தில் என் மாமனார். நானும் சூப்பர்வைசரும் ஸ்பிரிங்கை முதலில் மாட்டிவிட்டு, பெல்ட்டை அது ஓடுகிற சக்கரங்களில் ஏற்ற ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பார்த்தோம். அசையவில்லை. சரி என்று ஸ்பிரிங்கைக் கழற்றி, முதலில் பெல்ட்டைப் போட்டு, ஸ்பிரிங்கைக் கட்டிங் பிளையரால் இழுத்தேன். அது நழுவி, என் விரலைக் கிழித்து, காதோரம் பறந்து சுவரில் மோதியது. சூப்பர்வைசர் பதறி ஓடினார், சுவர்ப் பக்கம். "நல்லவேளை, ஸ்பிரிங்குக்கு ஒண்ணும் ஆகல."

கயிறு வந்தது

மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கன்னியம்மாக்கா கையைக் கழுவிவிட்டு வந்தார், புல்லுக்கட்டுக் கயிற்றோடு. பெல்ட்டை எல்லாச் சக்கரத்திலும் முறுக்கில்லாமல் தளர்வாகப் போடச் சொன்னார். புல்லை அடுக்கி முடித்த பிறகுதானே கட்டை இறுக்குவோம் என்றார். ஸ்பிரிங்கின் ஒரு முனையை மாட்டவைத்து, மறுமுனைக் கொக்கியில் கயிற்றைக் கோத்து, காலை ஊன்றிச் சாய்ந்து நேராக இழுத்தார். கொக்கி துளைக்கு எதிரே வந்து நின்றது. ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தள்ளினேன், உட்கார்ந்துவிட்டது. கயிற்றை உருவிக்கொண்டார். அவ்வளவுதான்! அசந்துபோய் நின்றேன்.

வண்டி உறுமியது. இது ஓடினால் உங்கள் வேலை போய்விடுமே அக்கா, தெரியாதா என்று கேட்டேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "தெரியும்பா. எனக்கு வேற எங்கனா புல்லு கீது. உனக்கு வேற வெரலு கீதா?"

அடுத்த வாரம் நாலு பேரையும் நிறுத்திவிட்டார்கள். ஸ்பிரிங் மாட்டுவதில் புலி என்று மேனேஜர் என் முதுகில் தட்டினார், நானும் பத்து விரலையும் கட்டிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டேன்.