எட்டேகால் பஸ்ஸில் ஒரு கர்சீப்

போன வாரம் ஒருநாள் – என்ன கிழமை என்று சட்டென ஞாபகம் வரவில்லை, விடுங்கள் – அக்கா பெண்ணின் வளைகாப்புக்காக அரியலூர் கிளம்பினேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எட்டேகால் பஸ் வந்து நின்றதுதான் தாமதம், என் தோளுக்கு மேலே ஒரு கை நீண்டது. ஜன்னல் வழியாக சீட்டில் ஒரு கர்சீப் போய் விழுந்தது.

கட்டம் போட்ட அந்தக் கர்சீப்பை எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் இதே பஸ்ஸில் அரியலூர் ஆபீசுக்கு என்னோடு வந்த ஹெட் கிளார்க் சாருடையது. அவர் ரிட்டயர் ஆகி நாலு வருஷம். நான் ரிட்டயர் ஆகி ஒன்பது மாதம்.

"எங்க சார், இவ்ளோ காலையில?"

"ஆபீசுக்குத்தாம்மா."

அயர்ன் செய்த சட்டை. பாக்கெட்டில் பேனா. கையில் டிபன் பாக்ஸ் பை. எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. மனுஷருக்கு நினைவு தப்பிவிட்டதா? வீட்டுக்குப் போன் செய்யலாமா?

என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாதம்மா, புத்தி நல்லாத்தான் இருக்கு. ஆபீசுக்கு எதுத்தாப்ல டீ குடிப்பேன். லைப்ரரில பேப்பர் படிப்பேன். சாப்புட்டுட்டு அஞ்சரை பஸ்ஸப் புடிச்சு வந்துருவேன். வூட்டுலயே இருந்தா சாயங்காலமே வர மாட்டேங்குதும்மா..."

"வீட்டுல தெரியுமா சார்?"

"அவதானே டிபன் பாக்ஸ் கட்டித் தர்றா!"

நினைவு தப்பியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். தெரிந்தே போகிறாரே!

முதல் வருஷம் ராஜா மாதிரி இருந்தாராம். கும்பகோணம் கோயில்கள், மகள் வீடு, மத்தியானத் தூக்கம். "அப்புறம் எப்பன்னு தெரியலம்மா... ஒருநாளு ஞாயித்துக்கெழமன்னு நெனச்சு கறி வாங்கிட்டு வந்துட்டேன். பாத்தா வெள்ளிக்கெழம. வாசப்படியிலயே நிறுத்திட்டா."

சிரிக்கத்தான் வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிட்டயர் ஆன வாரம் இந்தப் பக்கத்தில் நான் அடித்த தம்பட்டம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அலாரத்தைப் பரணில் போட்டுவிட்டேன், இனி எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான் என்று எழுதியிருந்தேன். அந்த சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டால், ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன மரியாதை? அன்றைக்கே யாராவது ஒருவர் கேட்டிருக்கக் கூடாதா?

அரியலூர் வரும்வரை மாதங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். இன்னும் மூன்று மாதம். அதோடு என் முதல் வருஷமும் முடிந்துவிடும். அப்புறம்?

இறங்கும்போது சார் கர்சீப்பை உதறி மடித்தார். "நாளைக்கும் வர்றியாம்மா? ஒனக்கும் சேத்து சீட்டு போட்டு வைக்கிறேன்."

'வேண்டாம் சார்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நாளைக்கு என்ன கெழம சார்?" என்று கேட்டுவிட்டேன்.