களியக்காவிளையில் கொடுத்த புடவை

கோமாளி செய்கிற எதையும் ஊர் நிஜமென்று எடுத்துக்கொள்ளாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த மடத்தனத்தோடுதான் ஏழு வருடம் குடும்பம் நடத்தினேன்.

சுதந்திரம் வந்து மூன்று வருடம். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். நான் ஒரு நாடகக் கம்பெனியில் பபூன். மேடையில் எனக்கு மனைவியாக நடிப்பவளிடம் அடி வாங்கி உருள்வது என் தொழில். களியக்காவிளைக் கொட்டகையில் ஒரு சாயங்கால ஒத்திகையில், விழுகிற வேகத்தில் அவள் முந்தானையைப் பிடித்துவிட்டேன். புடவை இடுப்புவரை கிழிந்தது. சந்தைக்கு ஓடி ஒரு பச்சைப் புடவை வாங்கிவந்து, எல்லாரும் பார்க்க, ராஜா பரிசு கொடுக்கிற தோரணையில் குனிந்து நீட்டினேன். அவளும் நாணிக் கோணி வாங்கினாள். கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் பக்கம் தாலி இல்லாமலும் கல்யாணம் உண்டு. விளக்குக்கு முன்னால், நாலு பேர் பார்க்கப் புடவை கொடுத்தால் போதும். இது எனக்குத் தெரியாததல்ல. பபூனுக்குச் செல்லாது என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மார்த்தாண்டத்திலிருந்து மைத்துனன் ஆள் அனுப்பினான். களியக்காவிளைச் சந்தைக்கும் வந்துபோகிற இனயத்து மீன்காரி என் மனைவியிடம் சேதி சொல்லிவிட்டாளாம். பஸ்ஸில் மூன்று சமாதானங்கள் தயார் செய்தேன். பயத்தில் நாலு சோடாவும் குடித்தேன். இறங்கும்போது ஒரு சமாதானமும் நினைவில் இல்லை.

வீடு என் மனைவியுடையது. என் டிரங்குப் பெட்டி நடையில் இருந்தது.

"அத்தான், புடவை குடுத்தியளா?" என்றான் மைத்துனன்.

"குடுத்தேன். அது தமாஷுக்குடே."

உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள். "நாலு பேரு பாத்தாவளா?"

"நாடகக்காரங்க பத்துப் பேரு. அவனுவளெல்லாம் ஒரு ஆளா?"

"விளக்கு இருந்துதா?"

"பெட்ரோமாக்ஸு. அதுவும் அப்பதான் காத்தடிச்சுட்டு இருந்தானுவ."

மைத்துனன் சிரிப்பை அடக்க மூக்கைத் தேய்த்தான். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மேடையில் விழுவதுபோல் முற்றத்தில் பொத்தென்று விழுந்து, கால்களை உதறிக் காட்டினேன். நாலு வயது மகள் ஓடிவந்து, "இன்னொரு மட்டம் விழுங்கப்பா," என்றாள். விழுந்தேன்.

மனைவி வாசலுக்கு வந்து நின்றாள்.

"எனக்கு மட்டும் என்ன தாலியா கெட்டினிய? நீங்க தந்ததும் ஒரு புடவைதானே. அது கல்யாணம்னா இதுவும் கல்யாணம். இது தமாஷுன்னா, ஏழு வருசமா எனக்க பொழப்பும் தமாஷுதான். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

வாழ்நாளெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பிழைத்தவன் நான். வாயைத் திறந்தேன். ஏப்பம்தான் வந்தது.

"பெட்டியைத் தூக்கிக் குடுடே," என்றாள் தம்பியிடம்.

அதன்பின் அவளிடம் இரண்டு முறை ஆள் விட்டேன். "போன எடத்துல இருக்கட்டும்," என்ற பதில்தான் வந்தது. ஊரே எனக்குக் கட்டிவைத்துவிட்ட நாடகக்காரியோடு நாகர்கோவிலில் வாடகை வீடு எடுத்தேன். அவளும் இரண்டு வருடத்தில் மதுரைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து போய்விட்டாள். மகளை அவளுடைய தாய்மாமன்தான் வளர்த்தான்.