ஆறு மணிக்கு அணை

சித்தி எதற்கும் பயப்படுவாள். லிஃப்டில் ஏறமாட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். போன் அடித்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் எடுப்பாள். அவள் வேலை பார்த்தது எங்கள் ஊர்ப் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தில். அங்கே அறிவிப்பாளராகச் சேர்ந்து, முகம் காட்டி, குரல் காட்டி, கடைசியில் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பொறுப்பாளராக ஆனாள். கேமரா முன்னால் அவள் பயப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "அந்தக் கேமராக் கண்ணு என்னைத் திருப்பிப் பாக்காது, அதான்" என்பாள்.

நிலையத்தை நடத்தியவர்கள் நான்கு பேர். இயக்குநர், செய்தி ஆசிரியர், தலைமைப் பொறியாளர், சித்தி. இயக்குநருக்குப் 'பார்ப்போம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அவரிடம் கிடைக்கும் பதில் அதுதான். செய்தி ஆசிரியரின் பட்டப்பெயர் 'காற்புள்ளி'. செய்தி பிந்தினாலும் பொறுத்துக்கொள்வார், காற்புள்ளி இடம் மாறினால் பொறுக்கமாட்டார். ஒரு கூட்டத்தில் அவர்தான் சொன்னார், ஊரெல்லாம் கேட்கத் தமிழ் பேசுகிற நிலையத்துக்குள் "ஆன் பண்ணு, ஆஃப் பண்ணு" என்று கத்துவது கேவலமாக இருக்கிறது, இனிமேல் உள்ளேயும் தமிழ்தான் என்று. ஆன் என்றால் 'ஏற்று', ஆஃப் என்றால் 'அணை'.

பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், ஆஃப்னா நாய்க்குட்டிக்குக்கூடப் புரியும். மைக்கை அணைன்னு சொன்னா, கட்டிப்பிடிச்சுக்கோன்னு நான் சொல்ற மாதிரி இருக்கு."

"கட்டிப்பிடிச்சா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் சித்தி. காற்புள்ளிக்கு ஆதரவாகக் கை தூக்கினாள். இயக்குநர் "பார்ப்போம்" என்றார். அதற்குச் சரி என்றுதான் அர்த்தம். ஆனால் 'அணை' என்ற சொல்லுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தம் இருப்பது நான்கு பேருக்கும் தோன்றவில்லை. அப்போது கோடை. அணையில் தண்ணீரே இல்லை.

மழை பிடித்துக்கொண்டபோது நான் ஊர் திரும்பி, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் சித்தி வீட்டில் இருந்தேன். வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், தாழ்வான தெருவில். நிலையம் இந்தப் பக்கம், மலையடியில். நடுவில் ஒரு பழைய பாலம், எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்த சித்தப்பா, கைத்தடியோடு கூடத்தில் நடை பழகிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சித்தி மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க நிலையத்துக்குப் போனவள், மழை விடாததால் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

இயக்குநர் தலைநகரத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். பொறுப்பு சித்தியிடம். அவள் காலையிலிருந்து மூன்று வேலைகளை மாற்றி மாற்றிச் செய்தாள்: சித்தப்பாவுக்குப் போன் போடுவது, மொட்டைமாடி கேமரா காட்டும் பாலத்தைத் திரையில் பார்ப்பது, அணைக்கட்டு அலுவலகத்தை அழைப்பது. மூன்றாவது எப்போதும் எங்கேஜ். அணை நிரம்பிக்கொண்டிருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். எப்போது திறப்பார்கள் என்பதுதான் தெரியாது.

மலைமேல் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் அறைக்குப் பொறியாளர் போயிருந்தார். அங்கிருந்து பேசுவதற்குக் கன்ட்ரோல் ரூமில் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. அதன் முன்னால் உட்காரும் பெண், கூரை ஒழுகி நிரம்பிய வாளியைக் கொட்டப் போயிருந்த நேரத்தில் அது கரகரத்தது. சித்திதான் பக்கத்தில் நின்றாள்.

"ஆறு மணிக்கு அணை. கீழே எல்லாருக்கும் சொல்லிடும்மா, லேட் பண்ணாதே."

அவ்வளவுதான். சித்தி பொத்தானை அமுக்கி அமுக்கிக் கூப்பிட்டாள். மறுபக்கம் செத்துப்போயிருந்தது.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "என்னை ஒரு நாளும் 'ம்மா' போட்டுப் பேசினதில்லை அவரு. பயத்துல மரியாதைகூட மறந்துபோச்சு பாரு" என்றாள். பொறியாளரின் மச்சான் அணையில் ஷட்டர் இயக்குபவர். அவர் சொல்லித்தான் இவருக்குத் தெரிந்திருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை.

காற்புள்ளி தயங்கினார். "அணைக்கட்டு ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்காம எப்படிம்மா போடறது?"

"லைன் கிடைச்சாத்தானே கேட்க? பொய்யா இருந்தா என்னை நாலு பேர் திட்டுவாங்க. நிஜமா இருந்து நாம போடாம விட்டா, யாரைத் திட்டறதுக்கு யார் இருப்பாங்க?"

திரையின் அடியில் ஓடும் வரியைக் காற்புள்ளியே தட்டினார். 'மாலை ஆறு மணிக்கு அணை திறக்கப்படுகிறது. ஆற்றோரத் தெருக்களில் இருப்போர் உடனே பாலம் கடந்து மேட்டுப் பகுதிக்கு வரவும்.' சிவப்பில் ஓடியது. சித்தி வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பாலத்தின் மேல் குடைகள் தெரிந்தன. பிறகு குடைகள் ஒன்றோடொன்று மோதின. பிறகு குடைகளே இல்லை, தலைகள்தான். தலைமேல் குழந்தை, தலைமேல் மூட்டை, ஒருவர் தலைமேல் தொலைக்காட்சிப் பெட்டி. அந்தத் திரையில் சத்தம் வராது. வாய்கள் திறந்து திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. சித்தி திரைக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்று ஒவ்வொரு தலையாகத் தேடினாள்.

"உங்க சித்தப்பாவால இதுக்குள்ள நிக்க முடியாதுடி" என்று என் கையைப் பிடித்தாள். விரல்கள் காய்ந்த சுள்ளிபோல இருந்தன.

அப்போதுதான் பொறியாளர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். துண்டு கேட்டு வாங்கித் தலையைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார். துடைப்பது நின்றது.

"அணையைத் திறக்கறாங்களா? யார் சொன்னது?"

"நீங்கதானே சார் சொன்னீங்க!"

"நானா?"

"ஆறு மணிக்கு அணை, கீழே எல்லாருக்கும் சொல்லிடுன்னு..."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "ஐயோ மேடம். டிரான்ஸ்மிட்டர் அறைக்குள்ள தண்ணி வருது. ஆறு மணிக்கு அதை அணைச்சாகணும், இல்லேன்னா எரிஞ்சுபோயிடும். கீழே நம்ம ஆளுங்களுக்குச் சொல்லச் சொன்னேன். அந்தப் பொண்ணுதான் இருக்குன்னு நினைச்சேன்."

வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆஃப்னு சொல்ல விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த பொறியாளர், காற்புள்ளியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காற்புள்ளி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "வரியை எடுத்துடலாம். சத்தமில்லாம எடுத்துடலாம்" என்றார்.

இயக்குநரை அழைத்தார்கள். அவரும் அதையேதான் சொன்னார். "ஸ்க்ரோலை எடுத்துடும்மா. 'தொழில்நுட்பக் கோளாறு'ன்னு ஒரு வரி போடு, போதும். மத்ததை நான் வந்ததும் பார்ப்போம்."

சித்தி போனை வைத்தாள். வரியை எடுத்தால் பாலத்தில் நிற்பவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் நெருக்கிக்கொண்டே இருப்பார்கள். தப்பு என்று சொன்னால்? எல்லோரும் வீட்டுக்குத் திரும்புவார்கள். திரும்பிய பிறகு, யாருக்கும் சொல்லாமல் அணையை நிஜமாகவே திறந்துவிட்டால்? அவள் இதையெல்லாம் வாய்விட்டுத்தான் சொன்னாள், பாத்திரம் தேய்க்கும்போது தனக்குத்தானே பேசுவாளே, அதே குரலில். "எதைச் சொன்னாலும் யாராவது சாவாங்க போலிருக்கே."

திரையில் பாலத்தின் நடுவே கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கைப்பிடிச் சுவரில் ஒருவர் ஏறி நின்றார்.

"சார், டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றாள் சித்தி.

"ஆறு மணி வரைக்கும் நான் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்லை." பொறியாளர் ஒரு தார்ப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடி மழைக்குள் ஓடினார்.

சித்தி ஸ்டுடியோவுக்குள் போனாள். அவள் திரையில் தோன்றி வருஷக்கணக்காயிற்று. விளக்கைப் போட்டதும் கண் கூச நின்றாள்.

"நான் எழுதித் தரட்டுமா?" என்றார் காற்புள்ளி வாசலில் நின்று.

"நீங்க எழுதினா அழகா இருக்கும். அழகா இருந்தா யாரும் நம்பமாட்டாங்க."

கன்ட்ரோல் ரூம் பெண் விரலால் சைகை செய்தாள். சித்தியின் குரல் முதல் வார்த்தையிலேயே உடைந்தது. ஊருக்குத் தெரிந்த குரல் இல்லை அது. பூட்டை இழுத்துப் பார்க்கிறவளின் குரல்.

"பாலத்துல இருக்கறவங்க தயவுசெஞ்சு தள்ளாதீங்க. நின்ன இடத்துலயே நில்லுங்க. அணை திறக்கறதா நாங்க போட்ட செய்தி தப்பு. எங்க ஆள் ஒருத்தர் மெஷினை அணைக்கச் சொன்னதை, அணையைத் திறக்கறாங்கன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். என்னோட தப்பு. ஆனா அணை திறக்காதுன்னும் நான் சொல்லலை. அது எனக்குத் தெரியாது. அணைக்கட்டுல யாரும் போன் எடுக்கலை. இந்தப் பக்கம் வந்துட்டவங்க இங்கேயே இருங்க. பாலத்துல இருக்கறவங்க மெதுவா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாங்க. யாரும் துரத்தலை. டி.வி. பாக்கறவங்க, பாலத்துல நிக்கற உங்க ஆளுங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. பாலத்துகிட்ட கடை வச்சிருக்கறவங்க டி.வி.யைத் தெருப்பக்கம் திருப்பி வைங்க."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு முறைகூட "எனக்குத் தெரியாது" என்பதை விட்டுவிடவில்லை. பாலத்து முனையில் ஒரு சலூன்காரர் தன் பெட்டியைத் தூக்கி வந்து வாசலில் வைப்பதை நான் திரையில் பார்த்தேன். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பின்னால் நின்றவர்களிடம் கையை உயர்த்தினார்கள். தண்ணீரில் கல் விழுந்தால் வட்டம் போவதுபோல அந்தக் கைகள் பின்னோக்கிப் போயின. கைப்பிடிச் சுவரில் நின்றவர் இறங்கினார்.

ஆறு மணிக்குச் சற்று முன்பே எங்கள் ஒளிபரப்பு கறுத்துப்போனது. பொறியாளரால் அவ்வளவுதான் பிடிக்க முடிந்தது.

சித்தி குடையைக்கூட எடுக்கவில்லை. நானும் அவளும் இறக்கத்தில் ஓடினோம். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. பாலத்தின் இந்த முனையில் ஈரமும் சேறும் மனிதர்களும். ஒரு பாட்டிக்கு மணிக்கட்டு பிசகியிருந்தது. ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். சித்தியைக் கண்டதும் எல்லோரும் திரும்பினார்கள். "வந்துட்டாங்கய்யா மகராசி" என்று ஒரு குரல். இன்னொரு குரல் அசிங்கமாக ஏதோ சொன்னது. அவள் காதில் எதுவும் விழவில்லை. முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

சலூன் நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார், முடி வெட்ட வந்தவர்போல. வேட்டி முழுக்கச் சேறு. முழங்காலில் தையல் பிரிந்து ரத்தம் கசிந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தாராம், நடுப்பாலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்களாம்.

சித்தி அவர் காலடியில் உட்கார்ந்தாள். "போனை ஏங்க எடுக்கலை?"

"எடுத்தா நீ வரச் சொல்லுவே. அதான் டி.வி.யில சொல்லிட்டியே, அப்புறம் எதுக்குப் போனு? கல்யாணம் ஆனதுலேருந்து நீ சொன்னதை இன்னைக்குத்தான் முதல் தடவை உடனே கேட்டேன். நல்லா வேணும் எனக்கு."

யாரோ சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. முந்தானையைக் கிழித்து முழங்காலில் சுற்றினாள். முடிச்சை நான்தான் போட்டேன்.

இருட்டத் தொடங்கியிருந்தது. ஈரத்துணியோடு நின்றவர்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். பலருக்கு அடுப்பில் ஏதோ இருந்தது, கதவு திறந்து கிடந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கிட்டே வந்தாள். குரலில் கோபமும் இருந்தது, வேறு யாரைக் கேட்பது என்ற தவிப்பும் இருந்தது.

"இப்ப சொல்லுங்க. வீட்டுக்குப் போலாமா, வேண்டாமா?"

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். 'போங்க' என்று சொல்லியிருந்தால் அவளை அன்றோடு மன்னித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவள் ஆற்றை எட்டிப் பார்த்தாள். ஆறு எப்போதும்போலத்தான் ஓடியது, கொஞ்சம் கலங்கி, கொஞ்சம் வேகமாக. அதைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

"தெரியலைம்மா" என்றாள். "நிஜமாவே தெரியலை. எனக்குப் பயமா இருக்கு. நான் போகலை."

அந்தப் பெண் முறைத்துக்கொண்டு நின்றாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு சலூன் படியில், சித்திக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள்.