டவருக்கு ஒத்துவராத போன்

காசிமேட்டில் மீன் வாங்கினால் ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டாள் அஜீசுன்னிசா. வண்ணாரப்பேட்டையில் அவளுக்குச் சிம் கார்டு கடை. ஊரே கேட்கிற அந்த விலையுயர்ந்த போனை அவளுடைய சிம் கம்பெனி மட்டும் விற்பதில்லை. ஏன் என்று கேட்டால் கம்பெனி மேலாளரிடம் எப்போதும் ஒரே பதில்தான்: "நம்ம டவருக்கு அது ஒத்துவராதும்மா."

நேற்று அவர் கடைக்கு வந்ததும், எதிரிலேயே நின்று அவருடைய கம்பெனி சிம் நம்பருக்கு அடித்தாள். சட்டைப் பையில் மணி ஒலித்தது. எடுத்தார். அதே போன்.

"இன்னா சார், ஒத்துவராத டவர்ல மணி அட்ச்சிகினு கீது?"

அவர் முகம் சுருங்கியது. "வருஷத்துக்கு லட்சம் போன் வித்துத் தரோம்னு அந்த போன் கம்பெனிக்காரங்க கையெழுத்து கேக்குறாங்கம்மா. விக்கலைன்னா நஷ்டம் நம்ம தலையில."

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இனிமே நீ சிரிச்சாக்கூட செவுளத் தூக்கித்தான் பாப்பேன் சார்."