அயனம்பாக்கம் சாலையில் நின்ற ஸ்கூட்டர்

மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குத் தோழியோடு அம்பத்தூருக்குக் கிளம்பிப் போன பிறகுதான், டிவி மேல் அவளுடைய மூக்குக் கண்ணாடி இருப்பதைப் பார்த்தேன். அது இல்லாவிட்டால் அவளுக்கு எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அன்று கணக்குப் பரீட்சை வேறு.

கண்ணாடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கீழே ஓடினேன். ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டரில் சார்ஜ் ஏறாமல் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்தும் இடத்து லைட்டுக்கும் பிளக்குக்கும் ஒரே சுவிட்ச். கரண்ட் வீணாகக் கூடாது என்று கீழ்வீட்டுக்காரர் படுக்கப் போகும்போது அதை அணைத்துவிடுவார். அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், வாய் வராது.

எப்படியும் போய்விடலாம் என்று கிளம்பினேன். திருவேற்காடு தாண்டியதும் வண்டியின் வேகம் குறைந்தது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வந்தபோது சத்தமே இல்லாமல் நின்றுவிட்டது. ஷேர் ஆட்டோ ஒன்று நிரம்பி வழிந்தபடி நிற்காமல் போனது. பரீட்சை நடக்கும் பள்ளியில் கேட்டைச் சாத்திவிட்டால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். வருகிற வண்டியை நிறுத்தக் கை தூக்க நினைத்தேன். கை எழவில்லை.

வண்டியை உருட்டத் தொடங்கினேன். பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது. தொப்பி போட்ட ஒருவர், பின்சீட்டில் பேக்கரி பன் டிரேக்களைக் கட்டியிருந்தார். அவரும் கடந்து போனார்.

"அண்ணே!" என்று கத்திவிட்டேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "இன்னாக்கா, கரண்டு வண்டியா? சார்ஜ் பூடுச்சா?"

"பொண்ணுக்குப் பரீட்சை. அவ கண்ணாடி என்கிட்ட இருக்கு."

"ஏறி உக்காரு. ஹேண்டில நேரா புடி. நான் சொல்லாம பிரேக்குல கை வெச்ச, நீ, நானு, பன்னு, அல்லாம் ஏரிலதான்."

பைக்கில் உட்கார்ந்தபடியே இடது காலை நீட்டி என் வண்டியின் பின் கால்மிதியில் வைத்து அழுத்தினார். ஸ்கூட்டர் ஓடத் தொடங்கியது. பழுதான வண்டிகளை இப்படித் தள்ளிப் போவதைப் பார்த்திருக்கிறேன். நானே அதில் உட்காருவேன் என்று நினைத்ததில்லை. பக்கத்தில் ஒரு லாரி உரசுவதுபோல் போனது. விரல் தானாகவே பிரேக்கைத் தேடிப் போனது.

"அக்கா, கைய எடு! ஆரன் அடி, ஆரன்!"

"ஆரனும் வேலை செய்யலண்ணே!"

"அப்ப நீயே கத்து!"

"வழி விடுங்க! வழி விடுங்க!" என்று பள்ளி வரைக்கும் கத்திக்கொண்டே போனேன். சிலர் திட்டினார்கள். எல்லோரும் ஒதுங்கினார்கள்.

வாட்ச்மேன் கேட்டின் ஒரு பக்கத்தைச் சாத்தியிருந்தார். மகள் உள்ளே மரத்தடியில் அழுதுகொண்டு நின்றாள். நான் கூப்பிட்ட சத்தத்தில் வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் ஓடிவந்து கம்பி வழியாகக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா இப்பிடிக் கத்துற, மானம் போவுது," என்று அழுகையும் சிரிப்புமாகச் சொல்லிவிட்டு ஓடினாள்.

திரும்பிப் பார்த்தால் பன் டிரேக்கள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தன. நன்றி சொல்லவில்லை. பிறகு வண்டியை எதிர் டீக்கடைக்கு உருட்டிப் போய்க் கேட்டேன்:

"அண்ணே, ஒரு பிளக் கிடைக்குமா? நடுவுல அணைச்சிடாதீங்க."