ஆண்டி கொடுத்த பலகை

கைவாளும் இழைப்புளியும் மட்டும் வைத்து, சாமி படங்களுக்கு ஒரு சின்ன மேடை செய்து இன்று முடித்தேன். பலகை பக்கத்து வீட்டு ஆண்டி கொடுத்தது. பழசுதான், ஆனால் நல்ல மரம்.

பார்க்க வந்த ஆண்டி, ஓரத்தில் இருந்த ஓட்டையில் விரலை விட்டார்.

“இதுலதான்மா அங்கிளோட மருந்துப் பைய மாட்டி வைப்பேன்.”

எனக்குத் திக்கென்றது. போன வருஷம் அங்கிள் உயிர் விட்ட கட்டிலின் பலகை!

“சாமி ரூமுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இப்ப போயிட்டாருலா,” என்று கண்ணைத் துடைத்தார். “வெள்ளிக்கிழம வெளக்கேத்துறப்ப என்னையும் கூப்பிடு.”

சரி என்று சொல்லிவிட்டேன்.

பத்து பெரண்டாம் ஊரிலுள்ள ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கேட்டதும் கத்தினார். “செத்தவரு படுத்த கட்டில்லயா சாமிய வைப்ப? தூக்கிப் போடு!”

மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டேன். ஆனாலும் படத்தை எடுத்து வைக்கக் கை வரவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? தூக்கிப் போடச் சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஆண்டி வரும்போது கதவைத் திறக்க மட்டும் நீங்களே வந்துவிடுங்கள்.