ஈயத்துக்கு அடியில் ஒரு பெயர்

கோட்டு மாஸ்டர் என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைத்தே தலை நரைத்தவர். வேலை நேரத்தில் வாயில் நாலு குண்டூசி கிடக்கும் என்பதால் பேச்சும் அளந்துதான் வரும். மனைவியைப் பற்றி என்றால் மட்டும் ஊசிகளைத் துப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவள் கல்லூரியில் செடிகொடிப் பாடம் படித்து, முதலாவதாக வந்து வெள்ளி மெடல் வாங்கியவள். வீட்டை எதிர்த்து இவரைக் கட்டிக்கொள்ள வந்தபோது அந்த மெடல் மட்டும்தான் கையில் இருந்தது. சான்றிதழெல்லாம் பிறந்த வீட்டோடு போயிற்று.

அவள் காலமான வருஷம், சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் அவருடைய அக்கா வாயைத் திறந்தாள்.

"முதல் மார்க் வாங்குனவ எதுக்குடா தம்பி உன் கடையில உக்காந்து காஜா எடுக்கணும்? எங்கயாவது பழைய சாமான் கடையில பொறுக்குன வில்லையா இருக்கும்."

நாலு பேர் சிரித்தார்கள். அன்றோடு மாஸ்டர் அந்தப் பேச்சை விட்டார். மெடலை யாரிடமாவது காட்டிக் கேட்கலாம் என்று மகள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். கேட்கப் போனாலே மனைவியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்பார். உள்ளுக்குள் வேறொரு பயம் இருந்தது, அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கடைசியில் மகள்தான் கையோடு இழுத்துப் போனாள். அருங்காட்சியகத்தின் பின்கட்டில், விளக்குக்கு அடியில் இருந்த மேசையில், பழைய நாணயங்களைப் பார்க்கும் அம்மாள் லென்ஸை வைத்து நிதானமாகப் பார்த்தார். விளிம்பைச் சுற்றி ஓடிய எழுத்து லத்தீன் என்றார். பழைய கல்லூரிகளில் பரிசு என்றால் அந்த மொழியில் பொறிப்பதுதான் வழக்கமாம். 'செடிகளை நன்கறிந்தமைக்காக' என்று அதற்கு அர்த்தம். வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள், வாங்கியவர் பெயர் பின்பக்கம் இருக்கும் என்று சொல்லியபடியே திருப்பினார்.

பின்பக்கம் முழுக்க ஈயப் பற்று. நடுவில் ஒரு ஊக்கு.

"இது யார் பார்த்த வேலை?"

மாஸ்டர் பார்த்த வேலைதான். கல்யாணமான புதிதில், குத்திக்கொள்ளாத மெடல் பெட்டியில் மடித்த கோட்டு மாதிரிதானே என்று தோன்றி, அவளுக்குத் தெரியாமல் பற்றவைப்புக் கடையில் கொடுத்து ஊக்கு வைத்தார். பின்னால் ஆங்கிலத்தில் சுழித்துச் சுழித்து ஏதோ இருந்தது. அவருக்கு அதைப் படிக்க வராது. செய்தவன் முத்திரை என்று நினைத்துக்கொண்டார்.

"ஈயத்தை எடுத்துடலாம். ஆனா அடியில வேற பேரு இருந்தாலும் இருக்கும், ஐயா. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அம்மாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெடலோடு வீட்டுக்குப் போய்விடலாம். அவருடைய நம்பிக்கைக்கு ஒரு குறையும் வராது. மகள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுங்கம்மா."

சூடான சின்னக் கம்பி பட்ட இடத்தில் ஈயம் கண்ணீர் மாதிரி உருண்டது. ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. மகள் எழுத்துக்கூட்டி முதலில் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைப் படித்தாள். அடுத்தது அம்மாவின் பெயர். அதை இரண்டு முறை படித்தாள்.

ஊக்கு வைத்து நீட்டிய அந்த நாள் அப்போதுதான் மாஸ்டருக்கு விளங்கிற்று. அன்று மனைவி மெடலைத் திருப்பி, ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு, "நல்லா கெட்டியா இருக்குங்க" என்று சிரித்து, அங்கேயே சேலையில் குத்திக்கொண்டாள். உங்கள் கையாலேயே என் பெயரை மூடிவிட்டீர்கள் என்று கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பும்போது வாசலில் காவலாளி வழக்கம்போல் பையைத் திறக்கச் சொன்னார். மாஸ்டர் மெடலைச் சுற்றியிருந்த கைக்குட்டையைப் பிரித்தார். காவலாளி ஒன்றும் கேட்கவில்லை. தலையாட்டிப் போகச் சொன்னார். மாஸ்டர் நகரவில்லை.

"என் சம்சாரம் காலேஜுலயே முதல்ல வந்து வாங்குனது. பின்னாடி பேரு இருக்கு. திருப்பிப் பாருங்க."